மறுமுனைக் கைப்பிடி

புயல் கரையைக் கடந்து போன மறுநாள் காலையில்தான் அந்தத் தூங்குமூஞ்சி மரம் விழுந்தது. இரவெல்லாம் காற்று பிய்த்து உதறியபோது நின்ற மரம். விடிந்து, காற்று ஓய்ந்து, சதுரங்கப்பட்டினத்து ஜனங்கள் வெளியே வந்து யார் வீட்டு ஓடு யார் கொல்லையில் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வேர் ஊறிப்போய், யாரும் தொடாமலே மெதுவாகச் சாய்ந்தது. அப்போது எல்லப்பன் அதன் கீழே, கால்வாய்ப் படித்துறையில், விறகுப் படகின் கயிறு தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மரம் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. அதற்குப் பிறகு வந்த அவன் பெண்டாட்டி அம்சாவின் சத்தம்தான், விறகுக் கிடங்கில் மிசின் பார்க்கும் முனீரை வீட்டிலிருந்து ஓட வைத்தது.

அடிமரம் படித்துறையின் கருங்கல் சுவர்மேல் சாய்ந்து நின்றுவிட்டது. அதிலிருந்து பிரிந்த ஒரு கிளை, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன், எல்லப்பனின் இரண்டு தொடைகள்மேலும் சாய்வாக விழுந்து அவனைச் சேற்றில் அழுத்திக்கொண்டிருந்தது. சேறு மெத்தென்று இருந்ததால் ஆள் நசுங்கவில்லை. மல்லாந்து கிடந்தான். இடது பக்கம் கல்சுவர், வலது பக்கம் தண்ணீர். அம்சா தலைமாட்டில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வாங்கியிருந்தாள். கால்வாய்த் தண்ணீர் அவன் இடுப்புத்துணியை நனைத்துக்கொண்டிருந்தது.

"மச்சான், உனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்றான் படகோட்டி கண்ணாயிரம். "மெட்ராஸ் வரைக்கும் எத்தினி மரம் வியுந்து கீது. நீ இதாண்ட வந்து படுத்துகினு கீறியே."

"நீ வா. மாத்திக்கலாம்," என்றான் எல்லப்பன். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் அம்சா. "படிய பாருங்க. நான் வந்தப்போ நாலு படி வெளிய தெரிஞ்சிது. இப்போ மூணு."

எல்லோரும் படியைப் பார்த்தார்கள். பாலாற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. அது கால்வாய்க்குள் பின்வாங்கி வரும். முற்பகலுக்குள் கடலும் ஏறும். இரண்டும் சேர்ந்தால் மேல்படி வரைக்கும் தண்ணீர் வரும் என்பது அந்தக் கரையில் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும். எல்லப்பனின் முகம் இருந்தது மேலிருந்து இரண்டாவது படியின் மட்டத்தில்.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார்கள். கயிறு கட்டித் தூக்கினார்கள். கிளை அரை விரல் எழும்பியது, அடிமரம் சுவர்மேல் உருண்டது, எல்லப்பன் கத்திய கத்தலில் கயிற்றை விட்டார்கள். கிளைக்குக் கீழே சேற்றைத் தோண்டினார்கள். தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது, கிளையும் கூடவே இறங்கியது. கண்ணாயிரம் கோடாலியை எடுத்து மூன்று போடு போட்டான். ஒவ்வொரு போடுக்கும் எல்லப்பனின் உடம்பு துள்ளியது. மூன்றாவதில் அடிமரம் ஒரு அங்குலம் நகர்ந்து, சுவர்க்கல் ஒன்று பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. அதோடு கோடாலியைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு பேர் இழுக்கிற நீள ரம்பம் கிடங்கில் இருந்தது. ஆனால் அதை முன்னும் பின்னும் இழுக்கச் சுவர் பக்கத்தில் இடம் இல்லை.

விறகுக் கிடங்கு முதலாளி ஜெயினுலாபுதீன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். முனீரின் மனைவி சைதூனுக்கு அண்ணன் அவர். கடைசியில் முனீரின் பக்கம் திரும்பினார்.

"மச்சான். மிசின் ரம்பம்."

அந்த வார்த்தையை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் முனீர் அதுவரை கயிற்றைப் பிடிப்பதிலும் சேறு தோண்டுவதிலும் எல்லோருக்கும் முன்னால் நின்றான்.

அந்த ரம்பம் சென்னையில் மிலிட்டரி சாமான் ஏலம் விட்டபோது ஜெயினுலாபுதீன் எடுத்து வந்தது. யுத்தத்தில் எங்கெங்கோ காடு வெட்டிவிட்டு வந்த சாமான். ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சின், அதிலிருந்து மூன்றரை அடி நீளத்துக்கு இரும்புப் பட்டை, பட்டையைச் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி. பட்டையின் மறுமுனையில் இன்னொரு கைப்பிடி. எஞ்சின் பக்கம் ஓர் ஆள், மறுமுனையில் ஓர் ஆள். இரண்டு பேர் இல்லாமல் அதைத் தூக்கவே முடியாது. முனீர் முன்பு மதுராந்தகத்தில் ஒரு பஸ் செட்டில் பிட்டராக இருந்தவன் என்பதால் அது அவன் தலையில் விழுந்தது.

வந்த நாளிலிருந்தே அதற்குக் குணம் சரியில்லை. கயிற்றைச் சுற்றி இழுத்தால் இருபதாவது இழுப்பில் கிளம்பும், இல்லாவிட்டால் கிளம்பாது. கிளம்பினாலும் ஸ்லோவில் நிற்காது. ஒன்று, இருமி அணைந்துவிடும். இல்லாவிட்டால், விட்ட கையை மதிக்காமல் தானே வேகம் எடுக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் அடங்க வேண்டும், சங்கிலி நிற்க வேண்டும். இது நிற்காது. பத்து நாளைக்கு முன் அப்படித்தான், கட்டையை அறுத்து முடித்துக் கையை விட்ட பிறகும் சங்கிலி ஓடி, கண்ணாயிரத்தின் வேட்டி முனையைக் கவ்வி இழுத்தது. வேட்டி கிழிந்ததால் தொடை பிழைத்தது. அன்றைக்கு மறுமுனைக் கைப்பிடியைக் கீழே போட்டவன் கண்ணாயிரம். அதற்குப் பிறகு அவன் அதன் பக்கமே போகவில்லை. அன்றிரவு முனீருக்கும் சோறு இறங்கவில்லை.

"அது கெளம்பறதே சந்தேகம் மச்சான்," என்றான் முனீர்.

"கெளப்பிப் பாரு."

"கெளம்பிட்டா அதவிட பேஜாரு."

அம்சா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா பாய், கொண்டாறீங்களா இல்லியா? ரெண்டரை படி."

நாலு பேர் கிடங்கிலிருந்து அதைத் தூக்கி வந்து, படித்துறைக்கு மேலே ஒரு சவுக்குக் கட்டையின் மீது வைத்தார்கள். முனீர் கயிற்றைச் சுற்றினான். பிஸ்மில்லா சொல்லி இழுத்தான். எஞ்சின் ஒரு சுற்று சுற்றி நின்றது. மறுபடி. மறுபடி. பதினைந்தாவது இழுப்பில் புஸ் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான்.

"கொய்ந்த தும்முற மாதிரி கீது," என்றான் எல்லப்பன் கீழிருந்து.

"நீ பேசாத இரு."

"பேசாத இருந்தா காலு நெனப்பு வருது பாய். பேசறேன்."

முனீர் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டான். பயந்த கைக்கு ஸ்பானர் பிடிபடாது. பஸ் செட்டில் பழகியபடி ஒன்றொன்றாகப் பார்க்க வேண்டும். முதலில் நெருப்பு. பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உடம்பில் ஒட்ட வைத்து, கண்ணாயிரத்தைக் கயிறு இழுக்கச் சொன்னான். பிளக் முனையில் நீலமாக ஒரு பொறி தெறித்தது. நெருப்பு இருக்கிறது. பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து அடைத்து இழுக்கச் சொன்னான். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தது. அழுத்தமும் இருக்கிறது. பிளக்கின் முனையை மூக்குக்குக் கொண்டுபோனான். காய்ந்து கிடந்தது. இத்தனை தடவை இழுத்த எஞ்சினின் பிளக் பெட்ரோலில் நனைந்திருக்க வேண்டும்.

"பெட்ரோல் உள்ள போவல," என்றான்.

"டாங்கில கீதே. நேத்துதான் ஊத்தனோம்," என்றார் ஜெயினுலாபுதீன்.

"டாங்கில கீது. உள்ள போவல."

டாங்கிக் குழாயைக் கழற்றினான். பெட்ரோல் தாராளமாக வழிந்தது. அப்படியானால் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர்தான். இரண்டு நட்டுகளைத் திருகி அதைக் கையில் எடுத்தபோது அது எஞ்சினை விட்டு வர மறுத்தது. பலமாக இழுத்தான். இரண்டுக்கும் நடுவில் வெல்லப்பாகு மாதிரி மஞ்சளாக ஏதோ ஒன்று நூல் நூலாக இழுபட்டு அறுந்தது.

முனீர் அதை விரலில் தொட்டுப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். அந்த வாசனையை அந்தக் கரையில் பிறந்த எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். படகின் பலகைச் சந்துகளில் பஞ்சு வைத்து, எண்ணெயில் காய்ச்சி ஊற்றி அடைக்கிற குங்கிலியம்.

"இத்த யாரு வச்சது?"

மழை பெரிய துளிகளாக ஆரம்பித்தது. முனீர் கார்பரேட்டரைத் திருப்பிப் பார்த்தான். சேரும் இடத்தில் இருந்த பழைய பேக்கிங் அட்டை ஒரு பக்கம் கிழிந்து போயிருந்தது. அதைச் சுற்றிப் பஞ்சுத்திரி வைத்துக் குங்கிலியம் பூசி, படகுக்குச் செய்கிற மாதிரியே கட்டைவிரலால் இழைத்து விட்டிருந்தது. நல்ல வேலை. சொட்டுத் தண்ணீர் போகாது. ஆனால் பெட்ரோல் பட்டால் குங்கிலியம் கரையும். கரைந்தது பெட்ரோல் பாயும் ஜெட்டுக்குள் போய் ஊசித்துளையை அடைத்துக்கொண்டது. கரைந்து போன இடத்தின் வழியாகக் காற்று புகுந்தது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் எஞ்சின் கிளம்பாது. கிளம்பினால் அடங்காது. கண்ணாயிரத்தின் வேட்டி ஏன் கிழிந்தது என்று முனீருக்கு இப்போது புரிந்தது.

"யாருன்னு கேக்கறேன்."

"நான்தான் பாய்," என்றான் எல்லப்பன்.

அம்சா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீ மதுராந்தகத்துக்கு மவுத்து வூட்டுக்குப் போயிருந்தப்போ. சொட்டு சொட்டா பெட்ரோல் ஒயுகிகினு இருந்துது. கடல் தண்ணியே நிக்குது, இது நிக்காதான்னு அடைச்சேன். ஒயுகறது நின்னுதே பாய். நீயே பாத்து, அட, நின்னுடிச்சேன்னு சொல்லல?"

சொன்னது உண்மை. ஊருக்குத் திரும்பி வந்த அன்று, கீழே பெட்ரோல் சொட்டவில்லை என்பதைப் பார்த்துத் தானே சரியாகிவிட்டது என்று நினைத்தான். கழற்றிப் பார்க்கவில்லை.

"ஒனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? படகு அடைக்கிறவன் படக அடைச்சிகினு போவாம?" என்று அவன் கன்னத்தில் அடிக்கப் போன அம்சா, அடிக்காமல் அங்கேயே கையை வைத்துக்கொண்டாள்.

எல்லப்பன் யார் சொல்லிச் செய்தான் என்று சொல்லவில்லை. முனீர் மேலே பார்த்தான். ஜெயினுலாபுதீன் குடையின் பிடியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நான்தான் மச்சான் அடைக்கச் சொன்னேன்," என்றார். "பெட்ரோல் வீணா போவுதேன்னு."

"சரி. இப்போ அத்தப் பேசி இன்னா ஆவப் போவுது?"

முனீர் ஒரு கொட்டாங்கச்சியில் பெட்ரோலை ஊற்றிக் கார்பரேட்டரை ஊற வைத்தான். குங்கிலியம் கலங்கி மஞ்சளாக இறங்கியது. ஜெட்டைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். காற்று போகவில்லை. இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மேட்டில் கிடந்த அம்சாவின் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை எடுத்து நுனியைச் சீவி நுழைத்தான். மறுபடி ஊதினான். விசில் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வந்தது. பெட்ரோல் நாக்கில் எரிந்தது.

"ரெண்டு படி," என்றாள் அம்சா. பிறகு, மெதுவாக, "காதாண்ட வந்துடுச்சி பாய்."

அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த தன் தொடைக்கு அடியில் ஒரு விறகுக்கட்டையைச் செருகி, எல்லப்பனின் தலையை இன்னும் உயர்த்திக்கொண்டாள். இனிமேல் உயர்த்தினால் அவன் இடுப்பு தாங்காது.

"பேக்கிங் வேணும். கெட்டியான காயிதம். சட்டுனு."

கிடங்கில் இருந்த காகிதமெல்லாம் இரவு மழையில் கூழாகிவிட்டிருந்தது. ஜெயினுலாபுதீன் சட்டைக்குள் கையை விட்டு, எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒரு அட்டையை எடுத்தார். படகு லைசென்ஸ். கால்வாயில் ஒவ்வொரு மதகுக் கதவிலும் காட்ட வேண்டியது. அது இல்லாமல் ஒரு படகு விறகுகூட சென்னைக்குப் போகாது. அவர் அதை ஒரு தடவை பார்த்தார். நீட்டினார்.

முனீர் அதைக் கார்பரேட்டரின் வாய்மேல் வைத்து, ஸ்பானரின் வட்டத் தலையால் ஓரத்தைத் தட்டித் தட்டி அச்சு எடுத்தான். சர்க்கார் முத்திரையின் நடுவில் துளை விழுந்தது. அட்டை மட்டும் போதாது. எஞ்சின் பக்கத்துச் சேரும் முகத்தில் கீறல் இருந்தது. அங்கே ஏதாவது பூசியாக வேண்டும்.

சைதூன் அப்போதுதான் ஒரு தூக்கில் டீயும், தலையில் முக்காட்டுக்கு மேல் கோணியுமாக வந்து நின்றாள். முனீர் டீயைப் பார்க்கவில்லை.

"வூட்ல துணி சோப்பு கீதா?"

"இன்னா?"

"சோப்பு. பார் சோப்பு. ஓடு."

அவள் கேள்வி கேட்காமல் ஓடினாள். கண்ணாயிரம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இன்னா அண்ணாத்த, குளிப்பாட்டப் போறியா அத்த?"

"லாரிக்காரங்க டாங்கி ஓட்டையானா இன்னா பண்றாங்க? சோப்பு வச்சுதான் அடைப்பாங்க. பெட்ரோலு சோப்பக் கரைக்காது."

"தண்ணி கரைக்குமே."

"கரைக்கும்," என்றான் முனீர்.

இருவரும் மழையைப் பார்த்தார்கள்.

சோப்பு வந்தது. முனீர் அதைப் பல்லால் கடித்து, உள்ளங்கையில் பிசைந்து, அட்டையின் இரண்டு பக்கமும் பூசி, கார்பரேட்டரை வைத்து முடுக்கினான். வெளியே பிதுங்கியதை வழித்துச் சுற்றிலும் அப்பினான். ஜெயினுலாபுதீன் குடையை விரித்துச் சைதூனிடம் கொடுத்தார். "எஞ்சின் மேல புடி. என்ன ஆனாலும் எடுக்காத." அவள் தன் தலையிலிருந்த கோணியையும் எடுத்துக் குடைக்கு மேல் போட்டாள்.

ஆறாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. படபடவென்று அதிர்ந்து, புகை கக்கி, முனீர் ஸ்லோ திருகைக் கால் சுற்று திருப்பியதும் ஒரே தாளத்துக்கு வந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினான், சங்கிலி ஓடியது. விட்டான். சங்கிலி நின்றது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நின்றது. ஆனால் முனீரின் கண் சங்கிலியில் இல்லை. கார்பரேட்டரின் கீழ் விளிம்பில், குடையையும் மீறி வந்த சாரலில், சோப்பு பால் மாதிரி ஒரு சொட்டு விட்டது.

எவ்வளவு நேரம் தாங்கும்? கால் மணி நேரமா? தாங்காதா?

"எறக்குங்க," என்றான். எஞ்சினை அணைக்கத் துணியவில்லை. ஓடுகிற மிசினை நாலு பேர் கட்டையோடு சேர்த்துத் தூக்கிப் படியிறங்கினார்கள். அடிமரம் உருளாதபடி ஏற்கெனவே படகுக் கயிறுகளால் மேட்டிலிருந்த பூவரசில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். முனீர் தண்ணீர்ப் பக்கம் இடுப்பளவு ஆழத்தில் நின்றான். பட்டையைக் கிளைமேல் வைத்தால் அதன் மறுமுனை சுவரோரம் போய் நின்றது. அங்கே யாராவது பிடிக்க வேண்டும்.

கண்ணாயிரம் சுவருக்கும் கிளைக்கும் நடுவில் தன்னைத் திணித்துப் பார்த்தான். தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பினான். சட்டை கிழிந்தது, தோல் சிராய்ந்து ரத்தம் வந்தது. "நொய மாட்டேங்குது அண்ணாத்த. பயத்துல சொல்லல. சத்தியமா." அவன் கண்களில் தண்ணீர். முனீருக்குத் தெரிந்தது, அவன் சொல்வது நிஜம்.

அந்தச் சந்தில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. எல்லப்பனின் இடது கை.

"நான் புடிக்கிறேன்," என்றான் அவன்.

"இன்னாது?" என்றாள் அம்சா.

"என் கைக்கு எட்டுது. வேற யாருக்கு எட்டுது சொல்லு?"

"அது அறுக்கற எடத்துலேந்து உன் வவுறு ஒரு முழங்கூட இல்லடா," என்றான் கண்ணாயிரம்.

"அதான் நானே புடிக்கிறேன்கறேன். வேற எவனாவது புடிச்சா ஆட்டிருவான்."

முனீர் குனிந்து அவன் காதருகே வாயை வைத்தான். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. "எல்லப்பா, கேளு. உன் பக்கம் இஸ்துக்காத. தூக்காத. அது எறங்கற போக்குல எறங்கட்டும். பக்கவாட்டுல மட்டும் ஆட வுடாத. நான் வுடுன்னு சொன்னா உடனே கைய எடுத்துடு. புரியுதா?"

"புரியுது. பாய்…"

"இன்னா?"

"நடுவுல அது மறுபடி அப்படி ஓடிச்சின்னா?"

முனீர் பொய் சொல்ல நினைத்தான். "ஓடும்," என்றான். "ஓடினா, ரெண்டு பேரும் கெட்டியா புடிச்சிக்கணும். வேற வழி இல்ல."

எல்லப்பன் கையைச் சேற்றிலிருந்து எடுத்து, அம்சாவின் புடவையில் துடைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றினான். அம்சா முந்தானையால் அவன் கண்களை மூடினாள். "எடுடி. பாக்கணும்," என்றான். அவள் எடுத்துவிட்டு, தன் கண்களை மூடிக்கொண்டாள்.

முனீர் ஆக்சிலேட்டரை அழுத்தினான்.

சங்கிலி மரப்பட்டையைக் கடித்து உள்ளே போனது. மஞ்சள் தூள் ஈரமாகத் தெறித்து எல்லப்பனின் மார்பிலும் வாயிலும் விழுந்தது. அவன் துப்பவில்லை. தூங்குமூஞ்சி மிருதுவான மரந்தான். ஆனாலும் ஈர மரம், வெட்டு வாய் மூடிக்கொள்ளப் பார்த்தது. கண்ணாயிரம் ஓர் ஆப்பை வெட்டுக்குள் வைத்து, குழந்தையைத் தட்டுகிற மாதிரி மரச்சுத்தியால் தட்டினான். கால் பங்கு இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு. முனீர் எஞ்சினின் தாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். குடைக்கு மேல் மழை தடதடத்தது. கீழே தண்ணீர் எழும்பி எஞ்சினின் அடிவயிற்றைத் தொட்டுத் தொட்டுப் போனது.

பாதி தாண்டியபோது தாளம் மாறியது.

முதலில் ஒரு தவறல். பிறகு ஒரு ஏற்றம். முனீர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினான். எஞ்சின் தளரவில்லை. முழுதும் விட்டான். அது இன்னும் வேகம் எடுத்தது. கார்பரேட்டரின் விளிம்பிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் கை காற்றை அடைக்கும் சோக்கின்மேல் போனது. அடைத்தால் எஞ்சின் நின்றுவிடும். நின்றால் ரம்பம் பாதி வெட்டில் மாட்டிக்கொள்ளும். சோப்பு போன எஞ்சினை இந்தத் தண்ணீரில் இனி யாரும் கிளப்ப முடியாது. தண்ணீர் இப்போது எல்லப்பனின் முகவாயில் இருந்தது. முனீர் சோக்கிலிருந்து கையை எடுத்து, மறுபடி கைப்பிடியைப் பற்றினான்.

"புடிச்சிக்கோ!" என்று கத்தினான்.

எல்லப்பனுக்குக் கேட்டதோ இல்லையோ, அவன் கை நரம்பு புடைத்தது. மிசின் முழுக்க உதறியது. சங்கிலி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடியது. அறுபட்ட மரம் சூடாகிப் புகை வந்தது. முனீர் அதை அழுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. நேராக நிறுத்தினான், அவ்வளவுதான். பட்டையின் வழியாக அந்தப் பக்கத்துக் கையின் பிடி அவனுக்குத் தெரிந்தது. அவன் ஒரு மயிரளவு சாய்ந்தால் அது நிமிர்த்தியது. அது சாய்ந்தால் இவன் நிமிர்த்தினான். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று பிறகு யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

மரம் பேசுகிற சத்தம் கேட்டது. சளக் என்று கிளை பிரிந்து இறங்கியது. பாரம் போன எஞ்சின் ஊளையிட்டது. அந்த நொடியில் முனீர் சோக்கை அடைத்தான். இரண்டு தடவை விக்கிவிட்டு அது செத்தது.

திடீரென்று வந்த அமைதியில் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"தூக்கு! தூக்கு!" என்றான் கண்ணாயிரம். நாலு பேர் கிளைத் துண்டுக்கு அடியில் தோள் கொடுத்தார்கள். இப்போது அது வெறும் கட்டைதான், எழும்பியது. அம்சா புருஷனின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவன் வரவில்லை.

"இன்னும் எங்க மாட்டிகினு கீது?" என்றான் கண்ணாயிரம்.

முனீர் பார்த்தான். "எல்லப்பா. வுடு."

"உம்."

"வுடுடா. எஞ்சின் நின்னு போச்சி."

"தெரியுது பாய். வுடத்தான் பாக்கறேன். கை வர மாட்டேங்குது."

அம்சா சந்துக்குள் கையை விட்டு, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக அவன் விரல்களைப் பிரித்தாள். கட்டைவிரல் கடைசியில் வந்தது. அவனை இழுத்துப் படியில் போட்டார்கள். வலது கால் தொடைக்குக் கீழே, ஆளுக்குச் சம்பந்தமில்லாதது போல வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது.

"காலு கீதா?" என்றான் எல்லப்பன், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"கீது," என்றாள் அம்சா.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"அசையுதா?"

அவள் தன் ஈர முந்தானையைப் பிழிந்து அவன் வாயிலிருந்த மரத்தூளைத் துடைத்தாள். படகுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் ஏற்றினார்கள். திருக்கழுக்குன்றம் வரை தோளில் தூக்கிப் போனால், பாதை திறந்திருந்தால், அங்கிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஏதாவது வண்டி கிடைக்கும். ஜெயினுலாபுதீன் முன்னால் ஓடினார். சைதூன் குடையைப் பலகையின்மேல் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

முனீர் தண்ணீரிலேயே நின்றான். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் பட்டை நீருக்குள் சரிந்து, மிசினின் முழுப் பாரமும் அவன் கைகளில் தொங்கியது. மழை சூட்டு எஞ்சின்மேல் விழுந்து சீறிக்கொண்டிருந்தது. கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும், அவர்களோடு போக வேண்டும் என்று நினைத்தான்.

கரை மேட்டில் பலகை ஒரு கணம் நின்றது. எல்லப்பன் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தான்.

"பாய்!" என்றான். "என்ன வுடச் சொன்னியே, நீ வுடு!"

முனீர் தன் கைகளைப் பார்த்தான். விரல்கள் வெளுத்துப்போய்க் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தன. சுண்டுவிரலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முயன்றான். அது அசையவில்லை. அடுத்த விரலை முயன்றான்.